பல்லைக் காட்டப் பழகுதல்

சுண்டுவின் காதில் டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டிருந்தபோது, குட்டியைத் துண்டோடு சேர்த்து மடியில் பிடித்திருந்த பெண் முகக்கவசத்துக்குள்ளேயே அழுதாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. துணிக்குள் உதடு மட்டும் கோணிக்கொண்டு போனது. அவள் அழுகிறாள் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை, மடியில் கிடந்த குரங்குக்குட்டிக்கும் தெரியவில்லை. காயம் பெரிதில்லை, பயப்படாதீர்கள். காதின் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். மாமியார் மட்டும் மனசு வைத்திருந்தால் காதே மிஞ்சியிருக்காது.

மாமியார் என்று அவர்கள் சொல்வது அந்தக் காப்பகத்துக் குரங்குக் கூட்டத்தின் தலைவியை. வித்தை காட்டுபவர்களிடமிருந்தும், ஆராய்ச்சிக்கூடங்களிலிருந்தும், ஆசைக்கு வாங்கி வளர்த்துவிட்டு ஒரு கடி வாங்கியதும் வேண்டாமென்று கைகழுவிய வீடுகளிலிருந்தும் மீட்டுக் கொண்டுவந்த குரங்குகள் அங்கே கூட்டமாக வாழ்ந்தன. உயரமான கம்பி வேலி, உள்ளே மரங்கள், ஒரு சிமென்ட் தொட்டி, பழைய டயர் ஊஞ்சல்கள். யார் முதலில் தின்பது, யார் எந்தக் கிளையில் உட்காருவது, யார் பிள்ளையை யார் தூக்குவது என்று சகலமும் மாமியார் சொல்படிதான். வயதானதால் முதுகில் ரோமம் உதிர்ந்து, அடிவயிறு தொங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கும். ஆனாலும் அது நடந்து வந்தால் வாட்டசாட்டமான ஆண் குரங்குகள்கூடப் பாதையை விட்டு விலகிக்கொள்ளும்.

சுண்டு அங்கே வந்தபோது அதன் கை நம் சுண்டுவிரல் அளவுதான். தாய் சாலையில் அடிபட்டுச் செத்துப்போனது. அன்றிலிருந்து அதற்குப் புட்டிப்பால் கொடுத்து, நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்து வளர்த்தவள் இந்தப் பெண்தான். காப்பகத்தில் அவளை எல்லோரும் உம்மணா என்பார்கள். உம்மணாமூஞ்சி என்பதன் செல்லச் சுருக்கம். அவள் கோபக்காரியும் இல்லை, சிடுசிடுப்பவளும் இல்லை. சிரிக்க மாட்டாள், அவ்வளவுதான். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் அவளுக்கு எடுப்பாக முன்னால் வந்திருக்கும். சின்ன வயதில் யார் யாரோ என்னென்னவோ சொன்னதில், வாயை இறுக்கி மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள். சிரிப்பு தாங்க முடியாமல் வந்தால் கை தானாக வாயை மறைக்கப் போய்விடும். மனிதருடைய இருமலும் சளியும் குட்டிகளுக்குத் தொற்றிவிடும் என்பதால், அவற்றின் அருகில் போகும்போது முகக்கவசம் போடவேண்டும் என்பது காப்பகத்தில் விதி. மற்றவர்கள் குட்டிகளின் அறையை விட்டு வெளியே வந்ததும் அதைக் கழற்றித் தாடைக்குக் கீழே தள்ளிக்கொள்வார்கள். உம்மணா கழற்றவே மாட்டாள். காலையில் கேட்டுக்குள் நுழையும்போது போட்டால், சாயங்காலம் பேருந்தில் ஏறியபிறகுதான் கழற்றுவாள். அவளை மாதிரி கவனமான ஆள் கிடையாது என்று டாக்டரம்மாவே பலமுறை மெச்சியிருக்கிறாள்.

அன்று காலையில்தான் சுண்டுவை முதன்முதலாகக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். பெரிய வேலியை ஒட்டி ஒரு சின்னக் கூண்டு உண்டு. அதில் குட்டியை விட்டு, நடுக்கதவைக் கயிற்றால் மேலே தூக்குவார்கள். மாமியார் வந்தது. புருவத்தைக் கீழே இறக்கி, உதட்டைக் குவித்து, அடித்தொண்டையிலிருந்து "ஹொவ்" என்றது. இந்த நேரத்தில் குட்டிகள் என்ன செய்யும் என்பது அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். உதட்டைக் காதுவரைக்கும் இழுத்து, இருக்கிற பல்லையெல்லாம் காட்டி, "கீ" என்று ஊசிக்குரலில் கத்திக்கொண்டே பம்மும். சுண்டு ஒன்றும் செய்யவில்லை. அசையாமல் நின்று மாமியாருடைய கண்ணுக்குள் நேராகப் பார்த்தது. பார்த்துக்கொண்டே, உம்மணாவைக் கூப்பிடும்போது எழுப்புமே, அந்தத் தாழ்ந்த "ம்ம்" என்ற சத்தத்தை எழுப்பியது. அது பாசமாகத்தான் கூப்பிட்டது. மாமியாருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? நேற்று வந்த பொடிசு கண்ணுக்குக் கண் முறைத்து, யாரடி நீ என்று கேட்டால்?

"காயம் ஆறட்டும். இன்னொரு தடவை விட்டுப் பார்ப்போம்" என்றாள் டாக்டரம்மா, நூலைக் கத்தரித்துக்கொண்டே. "அதுக்கு மேல முடியாதுக்கா. ஒவ்வொரு தடவையும் கூட்டமே கலைஞ்சு போகுது. இந்தத் தடவையும் சரிப்படலன்னா தனிக்கூண்டு இருக்கற அந்தக் காப்பகத்துக்குத்தான் அனுப்பணும்."

உம்மணா அந்தக் காப்பகத்தை ஒருமுறை பார்த்திருக்கிறாள். சுத்தமான இடம். நல்ல சாப்பாடு. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு குரங்கு, தன் முழங்காலைத் தானே கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். ஆடுவதை நிறுத்துவதே இல்லை. தன்னைத் தானே தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொள்வதுபோல. அன்று வீட்டுக்கு வந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காப்பகத்துச் சமையலறையில் குரங்குகளுக்குக் காய்கறி நறுக்கும் அண்ணனுக்குச் செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. கேரட்டை வெட்டிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"மாமியார் முன்னாடி போய் நிக்கிற பொண்ணுக்கு முதல்ல பல்லைக் காட்டத் தெரியணும் தங்கச்சி. குழையணும். 'அத்தை, நீங்க எது சொன்னாலும் சரி அத்தை'ன்னு இளிக்கணும். உன் பொண்ணு உன்னை மாதிரியே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போய் நின்னா?"

"போங்கண்ணே" என்றாள் உம்மணா. அவர் கேலிதான் செய்தார். ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அந்தச் சொல் அவள் கூடவே வந்தது. உன்னை மாதிரியே.

மறுநாள் மதியம் டாக்டரம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மேசையில் கணினி. கதவைத் தூக்கிய நேரத்தில் எடுத்த படத்தைச் சத்தமில்லாமல் ஓட்டினாள். பிறகு திரையைத் திருப்பி வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் ஓட்டினாள். பிறகு இரண்டையும் சேர்த்து. டாக்டரம்மா சின்னப் பெண்தான், படித்து முடித்து நேராக இங்கே வந்தவள். ஒரு விஷயம் பிடிபடாவிட்டால் பேனாமூடியைக் கடித்துக்கொண்டே இருப்பாள்.

"அக்கா, ஈன்னு சொல்லுங்க."

"என்னங்க?"

"சும்மா சொல்லுங்க. இழுத்து."

உம்மணா முகக்கவசத்துக்குள் "ஈ" என்றாள்.

"இப்ப ஊன்னு."

"ஊ."

"தொண்டையில நீங்க எதையும் மாத்தல பாருங்க. உதட்டை மட்டும்தான் மாத்தினீங்க. பின்னால இழுத்தா வாய்க்குழாய் குட்டையாகுது, சத்தம் மெல்லிசாகுது. முன்னால குவிச்சா குழாய் நீளுது, சத்தம் தடிச்சுப்போகுது. மெல்லிசு சின்ன உடம்போட சத்தம். தடிச்சது பெரிய உடம்போட சத்தம். 'நான் சின்னவ, ஒண்ணும் பண்ணமாட்டேன்'னு சொல்ற குரங்கு உதட்டை இழுத்துக்குது. 'நான் பெரியவ, தள்ளிப்போ'ன்னு சொல்றது குவிச்சுக்குது. முகமும் சத்தமும் ரெண்டு வேலை இல்லக்கா, ஒரே வேலை. நாமளும் அப்படித்தானே? கைக்குழந்தையைக் கொஞ்சும்போது குரல் ஏன் கீச்சுன்னு மேல போகுது? மிரட்டும்போது ஏன் கீழ இறங்குது? நம்ம சிரிப்பே அந்தப் பயந்த இளிப்புல இருந்து வந்ததுதான்னுகூடச் சொல்றாங்க. அது அவ்வளவு நிச்சயமில்லை."

உம்மணாவுக்குச் சிரிப்பைப் பற்றிய பேச்சே பிடிக்காது. படத்தைப் பார்த்தாள். நிறுத்தி வைத்த படத்தில் சுண்டுவின் முகம் பெரிதாகத் தெரிந்தது.

"இது எங்க பார்க்குது பாருங்க" என்று டாக்டரம்மா பேனாவால் தொட்டாள். "மாமியார் வாய் இவ்வளவு பெரிசா குவிஞ்சிருக்கு. அதைப் பார்க்கவே இல்ல. கண்ணையே பார்க்குது. ஏன் கண்ணை மட்டும்..." என்று ஆரம்பித்தவள் நிமிர்ந்து உம்மணாவைப் பார்த்தாள். நெற்றியும் இரண்டு கண்களும். அதற்குக் கீழே நீலத்துணி.

வெளியே டயர் ஊஞ்சல் கம்பியில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"அது என் வாயையே பார்த்ததில்ல" என்றாள் உம்மணா. நாள் முழுக்க நெஞ்சில் போட்டு வளர்த்த குட்டிக்கு, அவள் குரல் ஒரு துணியிலிருந்து வந்திருக்கிறது. கொஞ்சினாலும் துணி. அதட்டினாலும் துணி. அம்மா என்பவள் இரண்டு கண்களும் ஒரு சத்தமும்.

"மாஸ்க் போடச் சொன்னவ நான்தான்க்கா. தப்பு என்னோடது."

"கிட்டப் போகும்போது போடுன்னுதான் சொன்னீங்க. குட்டிங்க ரூம் கண்ணாடிக்கு வெளியே நின்னு எல்லாரும் கழட்டிட்டுத்தான் பேசினாங்க. நான்தான்..." மீதியை அவள் சொல்லவில்லை.

குட்டிகளின் அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பேச்சுக் கேட்பதற்காகக் கீழே துளைபோட்ட ஒரு தகடு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் முகத்தை மூடவேண்டியதில்லை. இந்த முகபாவங்கள் குட்டிக்குள் பிறவியிலேயே இருக்கும், எதை எப்போது எடுப்பது என்றுதான் தெரியவில்லை, பார்த்தால் பிடித்துக்கொள்ளலாம், பிடிக்காமலும் போகலாம் என்றாள் டாக்டரம்மா. யாராவது தினமும் முகத்தைத் திறந்துவைத்து அதோடு பேசவேண்டும்.

"அண்ணனைப் பண்ணச் சொல்லுங்க" என்றாள் உம்மணா அவசரமாக. "அவர் நல்லா கோணல் மூஞ்சி காட்டுவார்."

காட்டினார். ஏப்ரனோடு வந்து கண்ணாடி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை உருட்டி, உதட்டைக் குவித்து, இளித்து, "அத்தை, அத்தை" என்று கீச்சுக்குரலில் கெஞ்சி, வழியில் போன எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தார். சுண்டு மட்டும் மூலையில் இருந்த துணிப்பொம்மைக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"இதுக்கு என் குரல் பிடிக்கல தங்கச்சி. அது காது உன் சத்தத்துக்குத்தான் திரும்புது. நான் கத்தறப்ப எல்லாம் அது கதவைப் பார்க்குது, நீ வர்றியான்னு."

உம்மணாவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். பாதி மாதம் சாலையில்தான் இருப்பார். சாயங்காலம் எங்காவது டீ குடிக்க நிறுத்தினால் போன் வரும். அன்றும் வந்தது. பின்னால் வண்டிகள் போகும் இரைச்சல்.

"என்ன, இன்னிக்கு ஒரு தடவைகூடச் சிரிக்கல?"

"நான் என்னிக்குச் சிரிச்சேன்?"

"தினம் ரெண்டு தடவையாவது சிரிப்ப. கையை வச்சு மூடிக்கிட்டு."

"ஆமா, போன்ல உங்களுக்குக் கை தெரியுதாக்கும்."

"கை தெரியாது. சிரிப்பு தெரியும். நீ சிரிச்சுட்டே பேசினா குரல் லேசாகி மேல போயிடும், பட்டம் மாதிரி. மூஞ்சியை மூடிக்கலாம், குரலை எங்க மூடுவ?" அவர் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கல்யாணம் பேசி முடிச்சதும் நான் வண்டியோட போயிட்டேன், மாசக்கணக்கா போன்லயேதான் பேசிக்கிட்டோம், ஞாபகம் இருக்கா? உன் பல்லைப் பார்க்கறதுக்கு முன்னாடியே நான் கேட்டுட்டேன்டி. எனக்கு அப்பவே பிடிச்சுப்போச்சு."

அவள் வாயருகே போயிருந்த கையை எடுத்துப் பார்த்தாள்.

"பார், இப்பச் சிரிக்கிற" என்றார் அவர்.

மறுநாள் காலையில் அவள் கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்தாள். காதுக்குப் பின்னாலிருந்து நாடாவைக் கழற்ற அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. சொன்னால் சிரிப்பீர்கள், பெண் பார்க்க வந்த அன்றுகூட அவளுக்கு இந்தத் தயக்கம் இல்லை. சுண்டு அவளைக் கண்டதும் வழக்கம்போல் ஓடிவந்தது. பாதி வழியில் நின்றது. கண் அதே கண்தான். அதற்குக் கீழே என்னவோ இருந்தது. அவள் "சுண்டு" என்று கூப்பிட்டாள். அந்த என்னவோ அசைந்தது. குட்டி துள்ளிப் பின்வாங்கிப் பொம்மையைக் கட்டிக்கொண்டது. அங்கிருந்தே கண்ணைப் பார்த்தது, வாயைப் பார்த்தது, மறுபடி கண்ணைப் பார்த்தது. தெரிந்த பாட்டுக்குத் தெரியாத யாரோ வாயசைப்பதைப்போல இருந்திருக்கும் அதற்கு.

அவள் அவசரப்படவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். பேருந்தில் இடம் கிடைக்காததை, வீட்டுக்காரர் செருப்பை மறந்துவிட்டு லாரியில் ஏறிப்போனதை, வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். சாயங்காலத்துக்குள் குட்டி பொம்மையை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டு நாள் கழித்து விரலை நீட்டிக் கண்ணாடியில் தடவியது. தடவிய இடம் அவளுடைய முன்பற்கள். அந்த முகத்திலேயே பளிச்சென்று தெரிந்தது அவைதானே. ஒவ்வொரு பல்லாகக் கண்ணாடி மேல் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, எழுந்திருக்கவும் மனம் வரவில்லை.

பிறகு பாடம் ஆரம்பித்தது. உதட்டைக் குவித்து, புருவத்தை இறக்கி, அடிக்குரலில் "ஹொவ்" என்பாள். உடனே உதட்டைக் காதுவரைக்கும் இழுத்து, எல்லாப் பல்லும் தெரிய, "கீ" என்பாள். மிரட்டுபவளும் அவளே, பம்முகிறவளும் அவளே. வழியில் வாளியோடு போன அண்ணன் அதை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

"மாமியார் வேஷத்துக்கு நீ ஒத்திகையே பார்க்க வேணாம் தங்கச்சி. பிறவியிலேயே பொருந்திடுச்சு. அந்த இன்னொண்ணுக்குத்தான் கொஞ்சம் கஷ்டப்படற."

"அண்ணே, ஓடிடுங்க. ஹொவ்!"

அவர் நிஜமாகவே ஓரடி பின்னால் போனார். போனவர் வாளியில் கால் தடுக்கி, கேரட் எல்லாம் தரையில் உருண்டது. உம்மணாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொண்டையிலிருந்து குபீரென்று கிளம்பி, மேலே மேலே ஏறி, கடைசியில் மூச்சு வாங்கும் கீச்சொலியாக முடிந்த சிரிப்பு. அது அடங்கியபிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பினால், சுண்டு அவள் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேலுதடு ஒரு பக்கம் இழுத்தது, விட்டது. மறுபடி இழுத்தது. அரிசி மாதிரி சின்னச் சின்னப் பற்கள். சத்தம் வரவில்லை. அதற்கடுத்த நாள் சத்தம் வந்தது, உதடு அசையவில்லை. ஒருநாள் இரண்டும் வந்தன, ஆனால் வாழைப்பழத்தைப் பார்த்து. டாக்டரம்மா பேனாமூடியைக் கடித்தாள். காதில் தையல் ஆறி ரோமம் முளைக்கத் தொடங்கியிருந்தது.

இரண்டாவது தடவை கதவைத் தூக்கிய நாளில் வெயில் இதமாக இருந்தது. டாக்டரம்மா கயிற்றைப் பிடித்திருந்தாள். கடிபட்டால் உடனே கதவை இறக்கவேண்டும். அண்ணன் தண்ணீர்க் குழாயை வைத்துக்கொண்டு நின்றார், சண்டை முற்றினால் பீய்ச்சுவதற்கு. உம்மணாவை வேலிக்கு இந்தப்புறம், புதருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

"ஒரு சத்தம் போடக்கூடாதுக்கா. உங்க குரல் கேட்டா அது உங்ககிட்டத்தான் ஓடிவரும். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி ஓடினா முடிஞ்சுது."

மாமியார் தொட்டியோரத்திலிருந்து எழுந்து வந்தது. மற்ற குரங்குகள் கிளைகளில் அசையாமல் உட்கார்ந்தன. சுண்டு கூண்டின் நடுவில் நின்றது, முன்பு நின்ற அதே இடத்தில். மாமியார் புருவத்தை இறக்கியது. உதடு குவிந்தது. "ஹொவ்."

சுண்டு நிமிர்ந்து அதன் கண்ணைப் பார்த்தது.

வாயைப் பார், வாயைப் பார் என்று உம்மணாவுக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாமியார் இன்னும் ஓரடி எடுத்து வைத்தது. டாக்டரம்மாவின் கையில் கயிறு விறைத்தது. "ஹொவ்" என்றது மறுபடி, முன்னைவிடத் தடித்த குரலில்.

சுண்டுவின் பார்வை இறங்கியது. கண்ணிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து அந்தக் குவிந்த கிழட்டு உதட்டுக்கு. அங்கேயே நின்றது. பிறகு முகம் மொத்தமும் பின்னால் போவதுபோல உதடு இழுபட்டது. மேல்வரிசை, கீழ்வரிசை, ஈறு எல்லாம் தெரிந்தன. உடம்பு தரையோடு பம்மியது. அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அவ்வளவு மெலிந்த, அவ்வளவு சின்ன "கீ." கிளைகளில் இருந்த குட்டிகளெல்லாம் திரும்பிப் பார்த்தன.

மாமியார் நின்றுவிட்டது.

புருவம் மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வந்தது. வாயை மூடித் திறந்து, மூடித் திறந்து, உதட்டால் மெதுவாகச் சப்புக்கொட்டியது. தாய்க்குரங்கு குட்டியைப் பார்த்துக் கொட்டும் சத்தம் அது. டாக்டரம்மா கயிற்றை விடவும் இல்லை, இறக்கவும் இல்லை. "இருங்க, இருங்க" என்று யாருக்கோ சொல்வதுபோல் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாமியார் இன்னும் கிட்டே வந்தது. சுண்டுவின் காதோரத் தழும்பை மோந்து பார்த்தது. பிறகு பெருமூச்சு விட்டபடி பொத்தென்று உட்கார்ந்து, திரும்பி, ரோமம் உதிர்ந்த தன் அகலமான முதுகை அந்தப் பொடிசுக்கு முன்னால் வைத்தது.

இந்தப் பாடத்தை யாரும் சுண்டுவுக்குச் சொல்லித் தரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு இதைச் சொல்லித்தரவும் முடியாது. அது அந்த முதுகைப் பார்த்தது. மேலே கிளையில் ஒரு குரங்கு இன்னொன்றுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்ததை நிமிர்ந்து பார்த்தது. தன் கையைத் தூக்கியது, காற்றில் நிறுத்தியது, இறக்கியது. மிஞ்சியிருந்த ரோமத்தை இரண்டு விரலால் பிரித்தது. உள்ளே வெளுத்த தோல் தெரிந்தது. அங்கே பேனும் இல்லை, பொடுகும் இல்லை. ஒன்றுமே இல்லாத அந்த ஒன்றை வெகு கவனமாகக் கிள்ளி எடுத்து, வாயில் போட்டு, மென்றது.